பதினேழாம் கேள்வி

படிவத்தைத் தமிழாக்கியது நான்தான்.
பக்கத்துக்கு நானூறு ரூபா.
பதினேழாம் கேள்வியில் ஒரு சொல்,
நெஞ்சில் கிடப்பது வெளியே வருவதற்கு.
அகராதியைப் புரட்டி
'உணர்ச்சி வெளியேற்றம்' என்று போட்டேன்.
சொல் நிமிர்ந்து நின்றது. அச்சுக்கும் போனது.

ஒட்டுசுட்டான் முன்பள்ளியில்
மூன்று வயதுக்காரரின் கதிரைகளில்
முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்து
பதினொரு பெண்கள் நிரப்பினார்கள்.
'உங்கள் வெளியேற்றம் எப்போது, எப்படி நிகழ்ந்தது?'
கனகாம்பிகை விரல் மடக்கத் தொடங்கினாள்.
அக்கராயன், தருமபுரம், விசுவமடு,
சுதந்திரபுரத்தில் இரண்டு தரம்,
இரணைப்பாலை.
அடுத்த விரலைப் பிடித்தபடியே இருந்தாள்.
"ஒரு கோடுதான் விட்டிருக்கு, தம்பி.
பின்பக்கத்திலை எழுதட்டோ?"

வெட்டிவிட்டு
'விடுவிப்பு' என்று போடச் சொன்னேன்.
"எந்தத் துண்டு?" சிவமலர் நிமிர்ந்தாள்.
"ரோட்டுக்கரையோ, கிணத்தடியோ?
கிணத்தடியை விட்டால்
தென்னம்பிள்ளை வாங்க வேணும்."

இன்னுமொரு சொல் இருந்தது,
அதே வேரில் முளைத்தது.
வாயைத் திறந்தேன்.
மேசை விசிறி அந்தப் பக்கம் போய்
இந்தப் பக்கம் திரும்பும் மட்டும்
எல்லோரும் சுவரில் ஒட்டியிருந்த
அம்மா, ஆடு, இலையைப் பார்த்தார்கள்.
நான் தண்ணீர் குடித்தேன்.

"கொட்டித் தீர்க்கிறது எண்டு போடுங்கோவன்," நாகேஸ்.
"நாங்கள் அப்பிடித்தானே சொல்லுறது."
கொட்டுவது சரி.
நெல்லுக் கொட்டுகிறோம், மழை கொட்டுகிறது,
குளவியும் கொட்டும்.
தீர்ப்பதில்தான் சிவமலருக்குச் சம்மதமில்லை.
"தீர்ந்தது எண்டு நான் கையெழுத்து வைச்சால்
கந்தோரிலை பைலை மூடிப்போடுவாங்கள்.
என்ர பெடியன் அதுக்குள்ளைதான் இருக்கிறான்."

பணிசும் தேத்தண்ணியும் வந்தன.
மழை விட்டது.
நாகேஸின் போனில் யாரோ கத்தினார்கள்:
முத்தையன்கட்டு வான் பாயுதாம்!
படிவங்கள் குட்டிக் கதிரைகளில் கிடக்க
ஓட்டோவிலும் சைக்கிளிலும் எல்லோரும் போனோம்.

ஒருவரும் தள்ளவில்லை. ஒருவரும் கேட்கவில்லை.
நிறைந்த குளம்
வானுக்கு மேலால் தன்பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.
கீழே இடுப்பளவில் ஒருவன்
மீனுக்கு வலை பிடித்து நின்றான்.
"எவ்வளவு பாயுது?"
"மூண்டு அங்குலம்."
எனக்குச் சொல் கிடைத்துவிட்டது.
பொறுக்காமல் உரத்தும் சொன்னேன்.
"என்ர வயல் கீழை கிடக்கு," என்றாள் கனகாம்பிகை.
"உமக்கு வடிவாத்தான் இருக்கும்."

இரண்டு கிழமை கழித்துச் சந்தையில்,
மரவள்ளிக் குவியலுக்கு அந்தப் பக்கம், நாகேஸின் குரல்:
"ராத்திரி கொஞ்சம் வான் பாய்ஞ்சிட்டுது."
"எத்தினை அங்குலம்?"
"ஒண்டரை. தலகாணி நனைஞ்சுது."
"அது காணாதடி. கதவு துருப்பிடிச்சிடும்."
சிரித்தது கனகாம்பிகை.
வயல் அழிந்த கனகாம்பிகைதான்.
பிறகு கிழங்கை முறித்துப் பார்த்து
இருவரும் விலைக்குச் சண்டை பிடித்தார்கள்.

அடுத்த சுற்றில்
பதினேழாம் இலக்கத்துக்கு எதிரே
சொல்லே வைக்கவில்லை. கோடு மட்டும்.
நிரப்பி வந்தவை:
ஒன்றரை.
அரை.
இந்த மாதம் பாயவில்லை.
நாலு, மகளின் பிறந்தநாளன்று.
சிவமலரின் கோட்டில்,
சரிந்த எழுத்தில்:
கட்டு நிக்குது.

இந்த எண்கள் எந்த அலகில் என்று
கொழும்பிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது.
மூன்று நாளாகப் பதில் எழுதுகிறேன்.