கால் அங்குலம்

எங்கள் வெங்கமேட்டுப் பட்டறைக்குப் பஸ்தான் வரும்,
முகமில்லாமல், வெறும் எலும்பாக.
ஃபைபரில் மூஞ்சி வார்ப்போம்,
விளக்குக்குக் குழி தோண்டுவோம்,
நெற்றியில் சாமி பேருக்கு இடம் விடுவோம்.
பஸ்ஸுக்குக் கால் அங்குலம் முன்னே பின்னே மன்னிப்பு உண்டு.
மிச்சத்தை பீடிங் மூடிவிடும்.

ஆடிக் காற்று தகரத்தைத் தூக்கிப் பார்த்த ஒரு புதன்கிழமை
லாரி முதுகிலிருந்து இறங்கியது இது.
இரண்டு கதவு, இரண்டே சீட்டு,
என் இடுப்புக்கு எட்டாத உயரம்.
எழுபத்தாறாம் வருசத்துச் சீமை வண்டி.
பம்பரின் கறுப்பு ரப்பர்
வெயிலில் பாளம் பாளமாய் வெடித்திருந்தது.

கூட வந்தவர் ஈரோட்டுப் பல் டாக்டர், கருணாம்பிகை.
"ரப்பர் இனிக் கெடைக்காதுங்க.
ஃபைபர் உறை கப்பல்ல வரவெச்சிருக்கறேன்.
மாட்டிக் குடுங்க, போதும்."

மாட்டுவது.
என்னவோ தலையணைக்கு உறை போடுவது மாதிரி.

பிரித்துக் கவிழ்த்துப் பார்த்தேன்.
அடுத்தவன் வேலையை முதுகில்தான் பார்க்க வேண்டும்.
மேட் ஒழுங்காய் படிந்திருந்தது, குமிழி இல்லை.
ஒரு மூலையில், காய்ந்த பிசினில்,
யாரோ ஒருவனின் கட்டைவிரல் ரேகை.
எந்த ஊர்க்காரனோ.
அவனுக்கும் ராத்திரி அரித்திருக்கும்.

பின்பக்கம் ஒரு மணி நேரத்தில் உட்கார்ந்தது.
முன்பக்கம் உட்காரவில்லை.
இடது ஓரத்தில் நகம் நுழையாது,
வலது ஓரத்தில் சுண்டுவிரல் போய்வந்தது.
போல்ட் துளையை நீள்வட்டமாக்கினேன்,
வாஷர் கொடுத்தேன், எடுத்தேன்.
நான்கு தடவை கழற்றி மாட்டி
ரேகைக்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

அப்புறம்தான் நூல் பிடித்தேன்.
நடுவிலிருந்து இந்தச் சக்கரத்துக்கு,
நடுவிலிருந்து அந்தச் சக்கரத்துக்கு.
உறை நேர்.
வண்டிதான் கோணல்.
வலது மூலை அரை அங்குலம் உள்ளே போயிருக்கிறது.
பெயின்டைச் சுரண்டினால்
அடியில் சுத்தியல் தழும்பு, அவசரத்தில் வைத்த வெல்டிங்.

"இது எப்பவோ இடிச்ச வண்டிங்" என்றேன்.

டாக்டர் கேட்டைப் பார்த்தார்.
கேட்டில் யாருமில்லை.
"அது நானுங்க.
தொண்ணூத்தி ரெண்டு. பெருந்துறை ரோட்டு மைல்கல்லு.
அண்ணன் பம்பாய் போயிருந்தாப்ல.
மூணே நாள்ல திருச்செங்கோட்டுல தட்டி
ஷெட்டுல கொண்டாந்து நிறுத்தீட்டேன்.
போன வருசம் எனக்கே குடுத்துட்டாப்ல,
ஒரு கீறல் விழுகாம வெச்சிருந்தேன்னு சொல்லி."

சேசிஸை இழுத்து நிமிர்த்தலாம், இரண்டு வாரம்.
பழைய இரும்பு, பிளந்தாலும் பிளக்கும் என்றேன்.
அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.
"கோணப் பல்லை இழுத்தா நேராக்கறோம்?
தொப்பியத்தான் ராவுவோம்."

கைப்பையிலிருந்து வந்தது
கடிப்புப் பார்க்கும் நீலத்தாள், விரலகலத் துண்டு.
உறைக்கும் தகரத்துக்கும் நடுவே வைத்து
அமுக்கச் சொன்னார்.
எடுத்தால், முட்டும் இடத்தில் மட்டும் நீலப்பொட்டு.
பதினெட்டு வருசமாய்
கண்ணாலும் குத்துமதிப்பாலும் தேடியதை
ஒரு தாள் காட்டிக்கொடுத்தது.
பொட்டை ராவினேன். மறுபடி தாள். மறுபடி பொட்டு.
வலது உதட்டுக்கு மேட் வெட்டி ஒட்டி,
பிசின் சூடேறி இறுகும்வரை
அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.
சொறியாதீங்க, பச்சைத் தண்ணியில் கழுவுங்க என்றேன்.
சொறிந்துகொண்டுதான் இருந்தார்.

பொழுது சாய இடைவெளி
இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடியது.
கோணலுக்குச் சரியான கோணல்.
ரேகை உள்ளே அப்படியே இருக்கிறது, அதை ராவவில்லை.

பெயின்டுக்கு வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.
கேட்கவில்லை, சாம்பல் பிரைமரோடு கிளம்பிவிட்டார்.
வலது இண்டிகேட்டருக்கு வயர்கூடக் கொடுக்கவில்லை.
ஈரோட்டு ரோட்டுத் திருப்பத்தில்
கையை வெளியே நீட்டித்தான் திரும்பினார்.
விரல் ஐந்திலும் நீலம்.