வெறும் லோரி

அறுபத்து மூன்றாம் வருஷத்து டிரையம்ப்.
இரண்டே இருக்கை, கூரை கிடையாது.
பினாங்குத் திடலில் பழைய கார்கள் கூடுகின்றன,
பீடோரிலிருந்து இருநூறு கிலோமீட்டர்.

“ஏற்றிப் போக எவ்வளவு?” என்றார் சந்திராவதி டீச்சர்.
“போக வர எழுநூறு வெள்ளி.”
“ஏற்றாமல் சும்மா பின்னால் வர?”

பதினாறு வருஷமாக இழுவை லோரி ஓட்டுகிறேன்.
செத்த மாட்டைச் சுமக்கக் கூலி உண்டு,
நடக்கிற மாட்டுக்குப் பின்னால் நடக்க
என்ன கூலி கேட்பது?

ஆ லெக் டயர் கடை வாசலில்
பாதி ஊர் கூடி வாதாடியது.
செம்பனைக் கங்காணி ராயப்பன் சொன்னார்:
“ஒரு கல் தெறித்தால் போதும்,
அந்தப் பெயின்ட் காசுக்கு
நம்ம கோயில் கோபுரத்தையே பூசிடலாம். ஏத்திட்டுப் போங்க.”
ஆ லெக் தமிழிலேயே கேட்டான்:
“ஓட்டாத காடிக்கு எஞ்சின் எதுக்கு?
கழட்டிக் குடு, என் மீன் குளத்துக்குத் தண்ணி இறைக்கிறேன்.”
டீச்சர் தேத்தண்ணியை ஆற்றி முடித்து
“முன்னூற்றைம்பது” என்றார்.
முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
தாப்பா தாண்டும்வரை
அது நின்றுபோகட்டும் என்று முனியாண்டியிடம்
கேட்டுக்கொண்டே போனேன்.
நின்றால் முழு வாடகை.

பழைய ரோடுதான் பிடித்தார்.
ஹைவேயில் அவர் தலை
என் டயர் உயரம்கூட வராது.

கம்பாருக்கு அப்பால், செம்பனைக் குலை லோரிக்குப் பின்னால்
ஊர்ந்து ஊர்ந்து,
முனியாண்டி காது கொடுத்துவிட்டார்: வெள்ளையாய் ஆவி.
நான் குதித்து இறங்கி
வின்ச் கொக்கியைக் கையில் எடுத்தேன்.
டீச்சர் பானட்டைத் திறந்துவைத்து
மடியிலிருந்த கொய்யாவைக் கடித்தபடி
“இருபது நிமிஷம்” என்றார்.

இருபது நிமிஷம்.
கொக்கி என் கையில் சூடேறியது.
பிறகு ஒரு போத்தல் தண்ணீர், ஓர் இருமல்,
கிளம்பிவிட்டது.

கோப்பெங் வளைவில்தான் பார்த்தேன்.
என் முதுகில் ஏறிய வண்டிகள் எல்லாம்
நாலு பட்டையில் கட்டுண்டு கிடந்தவை,
பெட்ரோல் வாடையைத் தவிர எனக்கு எதுவும் சொன்னதில்லை.
இது வளைவுக்கு முன் மூச்சை இழுத்தது,
தோளைச் சரித்தது,
மேட்டில் ஏறும்போது குரலை மாற்றிக்கொண்டது.
ரேடியோவை அணைத்தேன்.

சுங்கை சிப்புட்டில் மழை.
பக்கத்தில் போய் “ஏத்திடலாமா டீச்சர்?” என்று கத்தினேன்.
கையை ஆட்டினார்.
வேண்டாம் என்றா, நகரு என்றா, தெரியவில்லை.

திடலில் மற்றவை எல்லாம்
துணி சுற்றிய கைக்குழந்தைகளாய்
லோரிகளிலிருந்து இறங்கின.
நடுவர் வெள்ளைக் கையுறையால்
டீச்சரின் காரைத் தடவினார். விரல் கறுத்தது.
முன்விளக்கில் தட்டான் சிறகு,
கதவில் குலை லோரி துப்பிய சேறு,
அடியில் சொட்டுச் சொட்டாய் எண்ணெய்.
சுத்தம்: பத்துக்கு மூன்று.
டீச்சர் தாளை வாங்கிக் கூட்டிப் பார்த்தார்.
கூட்டலில் பிழை. திருத்திக் கொடுத்தார்.
அவருக்கே ஒரு மதிப்பெண் குறைந்தது.

சாயங்காலம் ஒருவர் வந்தார்.
“என் ஜாகுவார் கிளம்ப மாட்டேங்குது.
ஈப்போ வரைக்கும் ஐந்நூறு, இப்பவே.”
தளம் வெறுமையாகத்தான் கிடந்தது.
“வேலை இருக்கு” என்றேன்.

வேலை:
கித்தா மரங்களுக்கு நடுவே இருட்டில்
முன்னால் போகும் இரண்டு சிவப்புப் பொட்டுகள்
வளைவில் ஒன்றாகி
மறுபடி இரண்டாவதைப் பார்த்துக்கொண்டே வருவது.

நள்ளிரவில் வீட்டில் கேட்டாள்,
“இன்னைக்கு என்ன ஏத்தின?”
“ஒண்ணும் இல்ல.”
“ஒண்ணும் இல்லாததுக்கா முன்னூத்தம்பது?”

பட்டைகளைச் சுருட்டி வைத்தேன்.
யாரையும் கட்டாத பட்டைகள்,
சுங்கை சிப்புட் மழை
அவற்றில் இன்னும் காயவில்லை.