வரிசை வளையும் இடம்

விமானம் வரவில்லை.
மூன்று நாளாக விரிகுடாவின்மேல் மூடுபனி.
பாதிரியார் கோடியாக் நகரத்திலேயே தங்கிவிட்டார்.
அதனால் இந்த மன்னிப்பு ஞாயிறை
வாசகர் சோசிமாதான் நடத்தினார்,
மீன்பிடி பூட்ஸுக்கு மேலே அங்கி தொங்க.

நாளை தவக்காலம்.
மதியமே வெண்ணெயைத் தீர்த்துவிட்டோம்.
கடைசி அப்பங்கள் பிள்ளைகளின் கன்னத்தில் மினுங்குகின்றன.
டீசல் அடுப்பு இருமுகிறது.
முப்பத்தொரு பேர். எங்களுக்கு அது கூட்டம்.

பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்:
முதலாமவர் வாசகரை வணங்கி அவர் பக்கத்தில் நிற்பார்.
இரண்டாமவர் அந்த இருவரையும் வணங்கிவிட்டு அடுத்து நிற்பார்.
இப்படியே சுவரோரம் நீண்டு
அடுப்பருகே வளைந்து
வாசலுக்கே திரும்பிவரும் வரிசை.
நெற்றி தரையில் பட விழுந்து சொல்லவேண்டும்:
"பாவி நான், என்னை மன்னியுங்கள்."
பதில்:
"கடவுள் மன்னிக்கிறார். நானும்."
உடனே எதிரில் நிற்பவர் விழவேண்டும், அதே சொற்களோடு.
யாரும் யாரையும் தாண்டிப் போக முடியாது.
இதைக் கண்டுபிடித்தவர்
சின்ன ஊரில் வாழ்ந்திருக்கவேண்டும்.

நான் ஏழாவது.
மக்கார் இருபத்தாறாவது. எண்ணிவிட்டேன்.

எவ்தோக்கியா வந்தாள், தையல் இயந்திரத்தின் கடனோடு.
எட்டு வயது தெரெந்தி குனிந்து, மூக்கை உறிஞ்சி,
"உங்கள் நாயை அவிழ்த்துவிட்டது நான்தான்" என்றான்.
சிரித்துவிட்டேன்.
தேவாலயத்தில் நான் சிரித்து
மூன்று அக்டோபர்கள் ஆகின்றன.

மக்காரின் படகில்தான் என் கவ்ரீல் போனான்.
மக்கார் நீந்தி வந்தான்.
கவ்ரீலின் ஒரு பூட்ஸை மட்டும்
கடல் பிறகு திருப்பிக் கொடுத்தது.

முதல் வருடம் காய்ச்சல் என்று சொல்லி வரவில்லை.
அடுத்த வருடம் முழங்கால்.
இந்த வருடம் மன்னிக்கத் தயாராகவே வந்தேன்.
நல்ல சால்வை கட்டியிருந்தேன்.
மன்னிப்பும் அதைப்போலவே இருந்தது,
துவைத்து, மடித்து, இஸ்திரி போட்டு.
அவன் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் பாக்கி.

வந்தான். விழுந்தான்.
உச்சந்தலையில் முடி போயிருந்தது, இந்த வயதில்.
கேட்டான்.
"கடவுள் மன்னிக்கிறார். நானும்" என்றேன்.
எளிதாகத்தான் வந்தது.

என் முறை.

அதை நான் யோசித்திருக்கவில்லை.
விழுந்தேன். கண்ணெதிரே அவனுடைய பூட்ஸ்,
சைக்கிள் டியூப் துண்டால் ஒட்டுப்போட்டது.
சொந்தப் படகிருந்த காலத்தில் ஒட்டுப் போட்டவனில்லை.
சொல்லவேண்டிய வாக்கியம் வரவில்லை.
வேறொன்று வந்தது:

"அன்று காலை உன்மேல் சாராய வாடை இல்லை."

தேநீர் ஊற்றிக் கொடுத்தவள் நான்,
ஒரு முழ தூரத்தில்.
மிதவை விமானத்தில் வந்த போலீஸ்காரரிடம்
குமட்டும் வாடை என்று சொன்னவளும் நான்.
அவர் எழுதிக்கொண்டார்.
உரிமம் போனது. படகு போனது.
இப்போது அவன் அடுத்தவர் வலையைக் கூலிக்கு இழுக்கிறான்.

"தெரியும்" என்றான்.

பிறகு
"கடவுள் மன்னிக்கிறார்."

அவ்வளவுதான்.
அடுப்பு இருமியது. பின்னால் வரிசை முட்டியது.
உதடு அசைந்ததுபோல் இருந்தது.
எட்டாவது ஆளிடம் நகர்ந்துவிட்டான்.

பாதியைச் சுமந்துகொண்டு வீடு வந்தேன்.
கடவுளின் பாதி போதாதா என்று கேட்பார்கள்.
அவர்கள் சின்ன ஊரில் இருந்ததில்லை.
அன்றாடம் தண்ணீர்க் குழாயடியில்
எதிர்ப்படுகிறவனின் பாதி அது.

செவ்வாய்க்கிழமை போலீசுக்குக் கடிதம் எழுதினேன்.
இரண்டே வரி. ஐந்து தாள் கிழிந்தது.
அவனிடம் சொல்லவில்லை.
தபால் பையை விமானத்தில் ஏற்றுகிறவன் அவன்தான்;
உறையின்மேல் இருந்த முகவரியைப் படித்திருக்கலாம்,
படிக்காமலும் இருந்திருக்கலாம்.

நான்காவது வாரம் புயல்.
சோசிமாவின் படகைக் கரையேற்ற
கை உள்ளவர்களெல்லாம் ஓடினோம்.
ஒரே கயிறு.
எனக்கு முன்னால் அவனுடைய முதுகு.
"இழு!" என்றார்கள். இழுத்தோம்.
"இழு!"
இரண்டு இழுப்புக்கு நடுவே,
திரும்பாமல்,
"நானும்" என்றான்.

காற்றில் சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை.
கயிறு உறைந்து கையை அறுத்தது.
விடவில்லை.