உம் கொட்டுகிறவள்

ஒஸ்த்ராவா மருத்துவமனையின் நிலவறையில்
சலவை அறைக்கும் கொதிகலனுக்கும் நடுவே
எனக்கொரு மேசை.
என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
இடையில் இருக்கிறேன் என்பேன்.
எதற்கும் எதற்கும் இடையில் என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

பரிசோதனைக்கூடத்து மென்பொருளுக்கு என் வயது.
செங்குத்துக் கோடு போட்டுப் போட்டு
வார்த்தையை அறுத்துப் பேசும்.
வார்டுகளுக்குப் புதிதாக வாங்கியதோ
அடைப்புக்குறி இல்லாமல் வாய் திறக்காது.
ஒன்றின் முகத்தில் மற்றது விழிப்பதில்லை.
சம்பந்திச் சண்டையில் மாட்டிய சமையல்காரன்போல
இதன் சொல்லை அதற்கும்
அதன் சொல்லை இதற்கும்
காரம் குறைத்து எடுத்துப்போகிறேன்.

ஒரு செய்தி போனால் ஓர் உம் வர வேண்டும்.
தொழிலே அவ்வளவுதான்.
கதை கேட்கும் குழந்தை உம் கொட்டுமே, அப்படி:
கிடைத்தது, மேலே சொல்.
உம் வராவிட்டால் முப்பது நொடியில்
அதையே திரும்பச் சொல்லும் கூடம்.
திரும்பவும். திரும்பவும்.
பிறகு இறந்த கடிதங்களின் வரிசையில்
கொண்டுபோய் நிறுத்திவிடும்.
அந்தப் பெயர் நான் வைத்ததல்ல.

பிப்ரவரியில் ஒரு வியாழன். இரவுப் பணி.
இரண்டே முக்காலுக்குக் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து
மேசை விளிம்புவரை தானே நடந்து வந்தது.
வரிசையில் நாற்பத்தொன்று.
மாலையில் யாரோ எதையோ புதுப்பித்திருக்கிறார்கள்.
'சிறு மாற்றம்' என்று குறிப்பு.

ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
சோடியம் இருக்கிறது. பொட்டாசியம் இருக்கிறது.
பெயரின் வாசலில் மட்டும் ஒரு கேள்விக்குறி.
?எஹாச்கோவா. ?எஸாச். ?எபிச்கா.
எங்கள் மொழியில் ஓர் எழுத்து உண்டு.
ரகரத்தை உருட்டும்போதே ஷகரத்தையும் உரச வேண்டும்.
வெளியூர் நாக்கெல்லாம் அதில் வழுக்கி விழும்.
எந்திரமும் விழுந்திருக்கிறது.
அந்த எழுத்தில் தொடங்குகிறவர்கள் அத்தனை பேரும்
ஒரே இரவில் இன்னார் என்று இல்லாமல் போய்
என் நிலவறையில் வந்து நின்றார்கள்.

திருத்த வேண்டியது ஒரே வரி.
அதை ஏற்ற மூன்று பேர் ஒப்ப வேண்டும்.
ஒருவர் பனிச்சறுக்கு விடுமுறையில்,
ஒருவர் உறக்கத்தில்,
மூன்றாவது பணியிடம் ஆகஸ்டிலிருந்து காலி.

மேலே தொலைபேசினேன்.
எடுத்தவள் ஒதீலியே, இரவுப் பொறுப்புச் செவிலி.
குரலில் ஆறிப்போன காபி.
வாசிக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.
ர்ஷெஹாச்கோவா. பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு.
உம் என்றாள்.
உடனே நாற்காலி இழுபடும் ஓசை,
செருப்புச் சத்தம், தூரத்தில் ஒரு கதவு.
பதினோரு வருடமாக எண்களை அனுப்புகிறேன்.
ஓர் எண்ணுக்காக ஒருத்தி ஓடுவதை
அன்றுதான் காதால் கேட்டேன்.

வெகுநேரம் கழித்து, மூச்சிரைக்க, 'மேலே' என்றாள்.
ர்ஷெஸாச். உம்.
ர்ஷெபிச்கா, ஹீமோகுளோபின் பதினொன்று. உம்.
ஒவ்வொரு பெயரையும் உருட்டி உரசி
முழுசாகச் சொன்னேன்.
முப்பதைத் தாண்டும்போது நாக்கு வலித்தது.

நாற்பத்தொன்றாவதற்கு உம் வரவில்லை.
'பதினாலாம் கட்டிலா?' என்றாள்.
'அங்கே யாரும் இல்லையே.'
வீட்டுக்குப் போய்விட்டாரா என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
என் கதவுக்கு வெளியே
சலவை வண்டி ஒன்று உருண்டு போயிற்று.

ஆறரைக்கு ஒப்புதல் வந்தது.
மூன்றாவது கையெழுத்து யாருடையது என்று தெரியவில்லை.
வரி ஏறியது. நாற்பதும் வழிந்தோடின.
படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
'மற்றவை' என்று தேர்ந்தெடுத்தேன்.

அந்த ஒன்று மட்டும்
முப்பது நொடிக்கொருமுறை மாடியேறிப் போய்
கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.
அழிக்கும் அதிகாரம் எனக்கு உண்டு.
கோட்டை மாட்டி, விளக்கை அணைத்து,
மறுபடி போட்டு,
நின்றபடியே தட்டச்சினேன்,
பதினாலாம் கட்டிலின் சார்பில்
ஓர் உம்.