அர்த்த அட்டை

தகடு டென்வரிலிருந்து சுருளாக வரும்.
எந்திரம் அதைப் பட்டை பட்டையாகக் கத்தரித்துத் தள்ளும்.
என் வேலை அதன் பிறகுதான்.
அம்பு, அம்பு, இடிப்பறவை, அம்பு.
டஜனுக்கு எழுபது சென்ட்.

"இன்னும் மெல்லிசாக" என்பார் கிம்பல்.
"ரயிலில் வருகிற சீமாட்டிகளுக்குப்
பெட்டி கனக்கலாம், மணிக்கட்டு கனக்கக் கூடாது."
என் சொந்தக் காப்பு,
ஆறு வெள்ளி டாலரை உருக்கி நானே அடித்தது,
அவர் கடையின் பின்னறையில்
சீட்டுக் கட்டித் தொங்குகிறது
மாவுக்கும் காப்பித்தூளுக்கும் அடகாக,
ஆட்டு ரோமம் கத்தரிக்கும் மாதம் வரை.

விற்கிற ஒவ்வொன்றோடும் ஓர் அட்டை.
அச்சடித்தது கேன்சஸ் சிட்டியில்.
அம்பு என்றால் காவல்.
குறுக்கே இரண்டு அம்பென்றால் நட்பு.
பாம்பு என்றால் ஞானம்.
இதெல்லாம் எங்களிடம் கேட்டு எழுதியது என்று
அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம்.
ஃப்ளாய்ட் படித்துச் சொன்னான்.
பட்டறையில் ஐந்து பேரும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
யாரப்பா சொன்னது?

பாம்பை நாங்கள் வரைவதில்லை.
ஆனால் பாம்புக் காப்புக்கு டஜன் தொண்ணூறு சென்ட்.
அடித்தேன்.
கண்ணை மட்டும் விட்டுவிட்டேன்.
"ஏன் குருடாயிருக்கிறது?"
தூங்குகிறது, என்றேன்.
நாற்பத்தெட்டுப் பாம்புகளைத் தூங்கவைத்தேன் அந்த வாரம்.

ஜூலையில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள்,
தலையில் சிவப்புப் பட்டி கட்டி.
கேலப்பில் ரயில் இருபது நிமிடம் நிற்கும்.
முத்துப் பொத்தான் வைத்த கையுறையைக் கழற்றி
ஓர் அம்மாள் இடிப்பறவையைத் தடவிப் பார்த்தாள்,
என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டாள்.
"இதற்கு என்ன அர்த்தம் என்கிறாள்" என்றான் ஃப்ளாய்ட்.
டஜனுக்கு எழுபது சென்ட், என்றேன் எங்கள் மொழியில்.
அவன் ஒரு இருமலை விழுங்கிவிட்டு
ஆங்கிலத்தில் நீளமாக எடுத்துரைத்தான்.
அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.
மூன்று வாங்கினாள்.
என்னடா சொன்னாய்?
"அளவில்லாத மகிழ்ச்சி. அட்டையில் அப்படித்தான் இருக்கிறது."

பறவை தலைகீழாக விழுந்து கழித்துப்போட்ட ஒன்றை
வீட்டுக்கு எடுத்துப் போனேன்,
டெஸ்பாவைச் சிரிக்கவைக்க.
சிரித்தாள்.
இரண்டே விரலால் நெளித்துக் காட்டினாள்.
பிறகு நிமிர்த்திப் போட்டுக்கொண்டாள்.
போட்டபடியே மாவு பிசைந்தாள்.
போட்டபடியே கிடாயை முட்டியால் அமுக்கி
ரோமம் கத்தரித்தாள்.

அந்த ரோமத்தை விற்று என் காப்பை மீட்டு வந்தேன்.
நீ போட்டுக்கொள், என்று நீட்டினேன்.
உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தாள்.
"ஊருக்குப் போகும்போது" என்று
புகையிலை டப்பாவில் போட்டு மூடினாள்.

சின்லியிலிருந்து வந்த அவள் தங்கை
தலைகீழ்ப் பறவையைக் காட்டிக் கேட்டாள்:
இதற்கு என்ன அர்த்தம்?

டெஸ்பா மணிக்கட்டைத் திருப்பினாள்,
அப்போதுதான் முதன்முதலாய் அதைப் பார்ப்பவள்போல.

"கை வலிக்காது" என்றாள்.