ஏழாவது கேள்வி

லக்கெரே வார்டு அலுவலக மாடியில்
கொசுமருந்து டின்களுக்கு நடுவே
எங்களுக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள்.
சனிக்கிழமை பதினொன்றுக்கு
சித்தராஜு வருவான்.
செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று
எத்தனை முறை சொன்னாலும் கழற்றுவான்.
ஜெயிலில் பழகியதா, வீட்டில் பழகியதா,
கேட்டதில்லை.

படிவத்தில் ஏழாவது கேள்வி:
அந்த அமைப்பைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறீர்கள்?
தப்பு மேடம், என்றான் முதல் மாதம்.
தப்பு மேடம், அடுத்த மாதமும்.
கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதுபோல்
கிழித்துக் கிழித்துக் கொடுத்தான்.
நானும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் படிவத்தை மூடிவிட்டு
அன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்றேன்.
வெகுநேரம் கழித்து, சித்ரான்னம் என்றான்.
அண்ணன்மார் கொடுத்த பொட்டலம்.
அதுவரை எல்லோருக்கும் நான் 'லோ'தான் மேடம்,
அவர்கள்தான் சித்தராஜு என்று கூப்பிட்டார்கள்.
தோளில் துண்டு போட்டார்கள்.
எங்கள் குழாயில் பத்து நாளைக்கொருமுறை தண்ணீர்.
அது யார் குற்றம் என்று
அன்றைக்குத்தான் ஒருவர் விளக்கிச் சொன்னார்.
நம்பர் பிளேட்டில் டி.என். இருந்தது.
பாட்டிலை எறிந்தேன்.
உள்ளே ஆள் தூங்கியது தெரியாது.

'தெரியாது'வுக்கு அடிக்கோடு போட்டேன்.
பென்சில்தான்.
பிறகு அழித்தேன்.

உள்ளே தூங்கியவர் செங்கோடன்,
சங்ககிரி, கிளீனர்.
வலக்கையில் மூன்று விரல்கள் ஒட்டிப்போயின.
பார்க்க மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார்.
அவரை வற்புறுத்த என்னிடம் படிவம் இல்லை.
இருந்தாலும் செய்திருக்க மாட்டேன்.

ஆறாம் மாதம் அறையில் என் போன் அடித்தது.
யோசிக்காமல் எடுத்து,
"மோட்டர் போட்டியாடி? தண்ணி வந்துச்சா?"
சித்தராஜு நிமிர்ந்தான்.
நீங்கள் சொல்லவே இல்லையே மேடம்.
நீ கேட்கவே இல்லையே, என்றேன்
பிசிறில்லாத என் கன்னடத்தில்.

பஸ்கள் எரிந்த அந்த வாரம்
மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும்போது
வழியில் எதுவும் பேசாதே என்றேன்.
அவசரமென்றால் அம்மா என்று மட்டும் கூப்பிடு,
அந்தச் சொல் இரண்டு பக்கமும் செல்லும்.
இதை அவனிடம் சொல்லவில்லை.
படிவம் என்னை எதுவும் கேட்பதில்லை.

அடுத்த சனிக்கிழமை வரமாட்டான் என்று நினைத்தேன்.
பதினொன்றேகாலுக்கு வந்தான், செருப்பைக் கழற்றினான்.

கோர்ட் உத்தரவுப்படி இப்போது பீன்யாவில்
ஒரு பஸ் ஷெட்டில் வண்டி கழுவுகிறான்.
மேற்பார்வையாளர் என்னிடம் புகார் சொன்னார்:
பைப்பைத் திறப்பதற்கு முன்னால்
ஒவ்வொரு பஸ்ஸையும் மூன்று முறை தட்டுகிறான்,
காலி வண்டியையும்,
டயரில்லாமல் ஜாக்கியில் நிற்கும் வண்டியையும்.
யாராவது இருக்கீங்களா என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு வேறு நிற்கிறான்.
ஒரு நாளைக்கு நாலு வண்டி குறைகிறது மேடம்.

நேற்று அவனே சொன்னான்.
பழைய அண்ணன் போன் செய்தாராம்,
வார்டு எலெக்‌ஷனுக்கு ஆள் வேண்டுமாம்.
என்ன சொன்னாய்?
சன்னலுக்கு வெளியே பார்த்தான்.
சித்தராஜு என்று பேர் சொல்லித்தான்
கூப்பிட்டார் மேடம், என்றான்.

ஏழாவது கேள்விக்குக் கீழே
இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
எனக்குப் பின் இந்த அறைக்கு வருபவருக்காக எழுதினேன்:
இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும்.

ஆபத்து அளவு: குறைவு, நடுத்தரம், அதிகம்.
மூன்று கட்டங்களும் காலியாக இருக்கின்றன.
திங்கட்கிழமை கேட்பார்கள்.