கவ்வாத்து

கார்டு ஹட்டன் பஸ்ஸில் வந்தது,
பிஸ்கட் பெட்டிக்குள், பத்திரிகைத் தாளில் சுற்றி.
மூன்று கை மாறியது என்றான் விற்றவன்.
நான்காவது கை என்னுடையது.
காசு, பிரபாலினி அக்காவின் சீட்டு.
கழிவு போகக் கைக்கு வந்ததோடு
காம்பரா வயரிங்குக்கு என்று வைத்திருந்ததையும்
சேர்த்துத்தான் தந்தாள்.

விளையாட்டு ஒரு பட்டியல் கேட்டது,
பேங்க் வேலைக்கு விளம்பரம் போடுகிற மாதிரி:
இத்தனை மெமரி, இத்தனை கோர், இத்தனை வாட்.
நான் குறைந்தபட்சத்துக்கும் ஒரு படி கீழே,
பொகவந்தலாவையில்,
தொங்கல் காம்பராவில்.

முதல் நாள் வெட்கமில்லாமல்
எல்லாவற்றையும் அல்ட்ராவில் வைத்தேன்.
வினாடிக்குப் பதினொரு படம்.
துப்பாக்கியைத் திருப்பினால்
அது யோசித்துவிட்டுத்தான் திரும்பும்.
நான் செத்தது எனக்கே பிந்தித்தான் தெரிந்தது.
ஆறரைக்கு லயத்தில் பன்னிரண்டு ரைஸ் குக்கர்.
கரண்ட் இளைத்தது, பல்பு மஞ்சளானது,
திரை கறுத்துப் போனது.
சுவருக்கு அந்தப் பக்கம் மிக்கேல் அண்ணன்:
"என்ன தம்பி, உலகம் அழிஞ்சிருச்சா?"

புவிதரன் போனில் சொன்னான்:
"கவ்வாத்து பண்ணுடா."
அவன் அப்பா கவ்வாத்துக்காரர்,
வேறு வார்த்தை அவனுக்கு வராது.
நிழலை வெட்டினேன்.
தண்ணீரில் வானம் விழுவதை வெட்டினேன்.
தூரத்து மலையை மூன்றாவது வளைவோடு நிறுத்தினேன்.
பனிமூட்டத்துக்கென்று தனியாக ஒரு செட்டிங் இருந்தது;
கதவிடுக்கில் வருகிறதே, போதும் என்று அதையும்.
கடைசியாகப் புல்.

புல் போனதும்
எதிராளிகள் அம்மணமாகத் தெரிந்தார்கள்.
புதருக்குள் பதுங்கியிருப்பதாக நினைத்து
வெறும் மண்ணில் குப்புறப் படுத்திருந்தார்கள், பாவம்,
உச்சத்தில் விளையாடும் பணக்காரர்கள்.
அவர்கள் திரையில் அந்த இடம் காடு.
ஒன்பது பேர், ஒருவர் பின் ஒருவராக.
எந்த நாட்டுக்காரனோ என்னைக் கள்ளன் என்று எழுதினான்.
நான் மவுஸில் இருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டேன்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
ஒன்பது பேரை அவள் பார்க்கவில்லை.
புல் இருந்த இடத்தைப் பார்த்தாள்.
"எலைய எடுத்துட்டா உள்ள இருக்கிறது தெரியுமா?"
தெரியும் என்றேன்.
வலது காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டாள்.

பதினான்காம் நம்பர் மலை, போன வைகாசி.
நெஞ்சளவு பச்சைக்குள் கை போன இடத்தில்
குளவிக்கூடு.
ஏழு பேரை லொறியில் ஏற்றினார்கள்.
ஞானசெல்வி மட்டும் திரும்பவில்லை.
அந்த மலைக்குக் கவ்வாத்து
இரண்டு வருஷம் பிந்தியிருந்தது.

"நல்ல வசதிதான்" என்றாள்,
போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் சொல்கிறேன்,
ராத்திரி இரண்டு மணிக்கு
லயம் முழுக்கத் தூங்கி, கரண்ட் கொழுத்திருக்கும்போது
எல்லாவற்றையும் வலது ஓரத்துக்குத் தள்ளுகிறேன்.
விளையாட அல்ல.
பதினொரு படத்தில் என்னத்தை விளையாடுவது.
ஒரு மரத்தடியில் போய் நிற்கிறேன்.
மழை விட்ட இலை, நுனியில் ஒரு துளி,
துளிக்குள் தலைகீழாக முழு மலையும்.
இதை வரைந்தவனுக்குத் தெரிந்திருக்கும்,
ஓடுகிறவர்கள் யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை என்று.
கார்டு சுடுகிறது, விசிறி இரைகிறது.
பெட்டியின் பின்பக்கம் கையைக் காட்டிக்
குளிர் காய்கிறேன்.
தேவையா?
தேவையில்லை.
தேவையில்லாத ஒன்று இவ்வளவு வெளிச்சமாக
எங்கள் காம்பராவில் எரிவது
எனக்கு இன்னும் பழகவில்லை.

நாலரைக்கு அக்கா எழுந்தாள்.
போகிற வழியில் என் தோளுக்கு மேல் குனிந்து
இலையைப் பார்த்தாள், துளியை அல்ல.
"முத்தல். இத போட்டா தராசுல கழிச்சிருவான்."
வேறொன்றும் சொல்லவில்லை.
கேத்தல் பிளக்கைக் கையில் எடுத்தவள்
பல்பை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு,
சொருகாமல் வைத்தாள்.
பின்பக்கம்
அவள் விறகடுப்பு ஊதுகிற சத்தம்.